சபையை நடத்துவது யார்? கூடி முடிவெடுப்போம், கூடிச் சுமப்போம்

திருச்சபைத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் ஊரில் பேச்சு சூடுபிடித்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போயிற்று, வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள், கணக்கு கேட்டவரை ஒதுக்கிவைத்தார்கள் என்று ஒவ்வொரு குறையாகக் கிளம்புகிறது. கொஞ்ச நாளில் அது வழக்காகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் மேல்மன்றமான சினாடின் தேர்தல் தொடர்பான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் எட்டியதை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்களில் படித்தோம். யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். அவற்றால் சொல்ல முடியாத ஒரு கேள்விக்கு நாமே கூடி விடை தேட வேண்டியிருக்கிறது: சபையை நடத்தும் பொறுப்பு யாருடையது?

இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. திருச்சபை நடத்தும் பள்ளிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். திருச்சபையின் மருத்துவமனைகளுக்கு எல்லாத் தெருவிலிருந்தும் நோயாளிகள் போகிறார்கள். நிர்வாகம் இரண்டுபட்டால் ஆசிரியர் நியமனம் தள்ளிப்போகும். பழுதான வகுப்பறைக் கூரை பழுதாகவே கிடக்கும். சபை சரியாக நடப்பதில் ஊர் முழுவதற்கும் அக்கறை உண்டு. அந்த அக்கறையோடு, யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

நம் மண்ணில் பழைய கேள்வி

கடலூர்–விழுப்புரம் ரயில் பாதையில், நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். தமிழகத் திருச்சபை வரலாற்றில் இந்தச் சிற்றூருக்குத் தனி இடம் உண்டு. சபைக்குள் சாதி வேற்றுமையை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வது என்ற கேள்வியில் லைப்சிக் மிஷனோடு கருத்து வேறுபட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய ஊழியர், 1860-களில் இங்கேதான் பெத்தானியா என்ற பெயரில் தம் பணித்தலத்தை அமைத்தார். பிறகு டேனிஷ் மிஷனரி சங்கம் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வளர்ந்ததுதான். அதற்கும் முன்பு, 1733 டிசம்பர் 28-ஆம் நாள் தரங்கம்பாடியில் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன், இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்ட் போதகர். அவர் பிறந்த ஊர் கடலூர். சபையின் அதிகாரத்தை யார் ஏற்பது, யாரோடு யார் சமமாக உட்காருவது என்ற கேள்விகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல.

பழைய வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களில் இன்னொரு மரபும் வேரூன்றியது. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், வேலூர், இராணிப்பேட்டை, ஆரணி, திண்டிவனம் என்று பரவியது. அது சீர்திருத்தத் திருச்சபையின் பணி. பேராயர் என்ற பதவி அந்தத் திருச்சபையில் கிடையாது. போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்து உட்காரும் ‘கிளாசிஸ்’ என்ற மன்றமே அங்கே மேலதிகாரம். ஆற்காட்டுக் கிளாசிஸ் 1854-லேயே அமைந்துவிட்டது. சென்னையிலும் செங்கல்பட்டிலும் பணிசெய்த ஸ்காட்லாந்துத் திருச்சபையினரும் இதே வழியினர். அவர்கள் 1821-ல் கட்டி முடித்த எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தைச் சென்னைவாசிகள் இன்றும் ‘கிர்க்’ என்றே சொல்கிறார்கள். இந்த மரபுக்குப் பிரஸ்பிட்டேரியன் ஆட்சிமுறை என்று பெயர். மூப்பர் ஆட்சி என்று நாம் சொல்லலாம்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. 1956-ல் நிலக்கரி நிறுவனம் அமைந்தபின் தமிழகத்தின் எல்லா மாவட்டத்திலிருந்தும் அங்கே மக்கள் வந்து குடியேறினார்கள். திருநெல்வேலிக்காரர் ஆங்கிலிக்கன் வழியில் வளர்ந்தவர். பேராயரின் சொல்லுக்கு அவர் வீட்டில் தனி மதிப்பு. நாகர்கோவில்காரர் லண்டன் மிஷன் வழியில் வந்தவர். சபை மக்கள் கூடி எடுத்த முடிவே அவருக்கு முடிவு. வேலூர்க்காரர் மூப்பர் மன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர். கடலூர்க்காரர் லுத்தரன். இப்படி வெவ்வேறு வீட்டுப் பழக்கங்களோடு வந்தவர்கள் ஒரே நகரியத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். ஒருவர் முறையை மற்றவர் புரிந்துகொள்வது அங்கே அன்றாடத் தேவை.

மூப்பர் ஆட்சிக்கு வேதம் தரும் ஆதாரம்

மூப்பர் ஆட்சியை ஆதரிப்பவர்கள் வேதாகமத்திலிருந்து முறையாக ஒரு வாதத்தைக் கட்டுகிறார்கள். காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், இப்படியே போனால் நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள் என்று மாமனார் எத்திரோ சொன்ன அறிவுரையை யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். எண்ணாகமம் 11-ல் எழுபது மூப்பர்கள் மோசேயின் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தொழுகைக் கூடங்களிலும் மூப்பர்கள் இருந்தார்கள். இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் 14:23 காட்டுகிறது. ஒரு சபைக்கு ஒரு மூப்பர் என்று அங்கே இல்லை, பன்மையில்தான் இருக்கிறது.

அடுத்த படி, மூப்பரும், பின்னாளில் பேராயர் என்று ஆன கண்காணியும் ஒருவரே என்பது. எபேசு சபையின் மூப்பர்களைப் பவுல் மிலேத்துவுக்கு வரவழைத்துப் பேசுகிறார். அந்தப் பேச்சிலேயே அவர்களைக் கண்காணிகள் என்றும் சொல்கிறார். கிரேத்தாவில் மூப்பர்களை ஏற்படுத்தச் சொல்லித் தீத்துவுக்கு எழுதும்போது, மூப்பருக்குரிய தகுதியைச் சொல்லத் தொடங்கி, இரண்டு வசனம் தாண்டியதும் கண்காணியின் தகுதி என்று தொடர்கிறார். அப்படியானால் மூப்பருக்கு மேலே தனியாகப் பேராயர் என்ற படிநிலைக்கு அப்போஸ்தலர் காலத்தில் இடமில்லை என்பது இவர்களின் முடிவு.

மூப்பர்களுக்குள்ளும் இரு பணிகள் உண்டு. நன்றாக விசாரணை செய்யும் மூப்பர்கள் மதிப்புக்குரியவர்கள், அவர்களில் வசனத்திலும் போதனையிலும் உழைப்பவர்கள் சிறப்பாக மதிப்புக்குரியவர்கள் என்ற கருத்து 1 தீமோத்தேயு 5:17-ல் வருகிறது. போதிக்கும் மூப்பர் போதகராகிறார். விசாரிக்கும் மூப்பர், சபை மக்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டு அவரோடு சமமாக உட்காருகிறார். தீமோத்தேயுவின் மேல் மூப்பர் சங்கத்தார் கூடிக் கைவைத்ததாக அதே நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் சொல்வதால், ஊழியத்துக்கு ஒருவரை ஏற்படுத்துவதும் தனி ஒருவரின் உரிமை இல்லை என்கிறார்கள். ஜான் கால்வின் 1541-ல் ஜெனீவா நகரத்துக்கு எழுதிய சபை ஒழுங்கு, போதகர், வேத ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு பதவிகளை வகுத்தது. ஜான் நாக்ஸ் வழியில் 1560-க்குப் பின் ஸ்காட்லாந்து தேசமே இந்த முறைக்கு வந்தது.

நான்காவது பதவியான உதவிக்காரரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் ஒரு சச்சரவு எழுகிறது. அன்றாடப் பந்தி விசாரணையில் எங்கள் விதவைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், பங்கீட்டில் பாரபட்சம் என்ற புகார். அப்போஸ்தலர்கள் புகாரை மறுக்கவும் இல்லை, புகார் சொன்னவர்களைக் கண்டிக்கவும் இல்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சபையிடம் விட்டார்கள். சபை தேர்ந்தெடுத்த ஏழு பேர்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியையும் பணத்தையும் ஒப்படைக்கும் துணிவு அந்தச் சபைக்கு இருந்தது என்று படிப்பதற்கு இந்தப் பட்டியல் இடம் தருகிறது. பெரும்பான்மை தன் பலத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தேடத் தேவையில்லை.

மற்றவர்களின் நியாயம்

பேராயர் முறையை ஆதரிப்பவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. கிரேத்தாவில் மூப்பர்களை ஏற்படுத்தும் அதிகாரம் தீத்து என்ற ஒருவரிடம் கொடுக்கப்பட்டது. எபேசுவில் மூப்பர் மீதான புகாரை விசாரிக்கும் பொறுப்பு தீமோத்தேயுவிடம் இருந்தது. சபைகளுக்கு மேலே ஒரு மேய்ப்பர் என்ற முறையின் வித்து இங்கேயே இருக்கிறது என்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னாத்தியு எழுதிய கடிதங்களில் பேராயர், மூப்பர், உதவிக்காரர் என்ற மூன்று நிலை ஊழியம் தெளிவாகவே தெரிகிறது. நடைமுறையிலும் ஒரு நியாயம் உண்டு. மன்றம் எடுத்த முடிவு தவறானால் யாரைப் போய்க் கேட்பது? பொறுப்பேற்க ஒரு முகம் வேண்டும். சிதறிக் கிடக்கும் கிராமச் சபைகளை ஒன்றாகக் கட்டி நிறுத்த ஒரு மேய்ப்பர் வேண்டும்.

சபை மக்களின் நேரடி ஆட்சியை விரும்புவோர் வேறொன்றைச் சுட்டுகிறார்கள். மத்தேயு 18-ல் சகோதரர்களுக்குள் வரும் பிணக்கின் கடைசிப் படி, அதைச் சபைக்குச் சொல்வது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போது முழுச் சபையையும் விளித்தே ஒழுங்கு பேசுகிறார். ஊர் நிலைமை ஊராருக்குத்தான் தெரியும், வெளியூர் மன்றத்துக்கு என்ன தெரியும் என்று இவர்கள் கேட்பதில் உண்மை இருக்கிறது.

ஒவ்வொரு முறைக்கும் வரக்கூடிய நோயையும் வேதாகமம் மறைக்கவில்லை. ஒரே ஆள் முதன்மையை விரும்பிச் சபையை ஆட்டிவைப்பதற்கு, யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு சான்று. மக்கள் அணி அணியாகப் பிரிவதற்கு, பவுல் அணி என்றும் அப்பொல்லோ அணி என்றும் பிளவுபட்ட கொரிந்து சான்று. மூப்பர்களும் தப்பவில்லை, இழிவான ஆதாயத்துக்காகப் பணிசெய்ய வேண்டாம், மந்தையின் மேல் அதிகாரம் செலுத்த வேண்டாம் என்று பேதுரு, தம்மையும் ஒரு மூப்பராகச் சொல்லிக்கொண்டு, எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஒரே அதிகாரத்தை மூன்று தரப்பும் தம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் அது. யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற சச்சரவு அந்தியோகியாவில் எழுகிறது. உள்ளூரில் தீராமல் எருசலேமுக்குப் போகிறது. அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் கூடி நெடுநேரம் விவாதிக்கிறார்கள். மூப்பர் ஆட்சியினர் இதை மேல்மன்றத்தின் முன்மாதிரி என்கிறார்கள். கடைசியில் யாக்கோபு எழுந்து தம் தீர்ப்பைச் சொல்கிறார். பேராயர் முறையினர் அதைச் சுட்டுகிறார்கள். முடிவைக் கொண்டுபோக ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது சபை முழுவதும் அதில் சேர்ந்துகொண்டது. சபையாட்சியினர் அதைக் காட்டுகிறார்கள். மூவர் சொல்வதும் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. மன்றம் விவாதித்தது, ஒருவர் தெளிவாகத் தொகுத்தார், மக்கள் ஒப்புக்கொண்டார்கள். மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த முடிவு நிலைத்தது என்பது நம் கருத்து.

லுத்தரன் மரபு இதில் ஒரு நிதானத்தைச் சேர்க்கிறது. சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் ஒழுங்காக வழங்கப்பட்டால் சபையின் ஒற்றுமைக்கு அது போதும், மனிதர் வகுத்த முறைகள் எங்கும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்று 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் ஏழாம் பிரிவில் வகுத்தது. ஆட்சிமுறைக்காகச் சண்டையிடுவதற்கு முன் எல்லாத் தரப்பும் நினைவில் வைக்கத்தக்க அளவுகோல் இது.

நடுவழி கண்டவர்கள்

நம் நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் தென்னிந்திய ஊழியர்கள் கூடினார்கள்; பெரும்பாலோர் இந்தியர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான வி. எஸ். அசரியா அதில் முன்னணியில் இருந்தார். ஆற்காட்டுச் சீர்திருத்தச் சபையினர், ஸ்காட்லாந்து மிஷன் சபையினர், லண்டன் மிஷன் சபையினர், மதுரை–யாழ்ப்பாணம் அமெரிக்க மிஷன் சபையினர் ஆகியோர் 1908-லேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தார்கள். அந்தச் சபையும் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்றாவதற்கு, அந்தக் கூட்டம் வெளியிட்ட தரங்கம்பாடி அறிக்கை வழி சொன்னது. சபை மக்களின் பங்கு, மன்றங்களின் பங்கு, பேராயரின் பங்கு ஆகிய மூன்றுமே வேதத்துக்கு உகந்தவை, மூன்றையும் ஒரே சபையில் வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். பேராயர் பதவி இருக்கும். ஆனால் அது சட்ட வரம்புக்கு உட்பட்டிருக்கும். பேராயர் பதவி என்ற நடைமுறையை ஏற்றால் போதும். அதைப் பற்றிய எந்த ஒரு கொள்கைக்கும் யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை.

அந்த இரண்டு நாள் பேச்சு பலனளிக்க 28 ஆண்டுகள் ஆயின. 1945 ஜனவரி முதல் நாள் காலமான அசரியா அதைக் காணவில்லை. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லாத் தரப்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தது. பேராயர் அபிஷேகம் செய்யாத போதகர்களை, மறு அபிஷேகம் கேட்காமல், ஆங்கிலிக்கன் தரப்பு ஏற்றுக்கொண்டது. இனி நடக்கும் அபிஷேகங்களைப் பேராயர் நடத்துவதற்கு மற்றவர்கள் இசைந்தார்கள். பேராயரோடு மூப்பர்களான ஆயர்களும் சேர்ந்து கைவைக்கும் வழக்கம் அதில் இடம்பெற்றது. அந்தத் திருச்சபையின் சட்டம் ஆயரை இன்றும் மூப்பர் என்று பொருள்படும் ‘பிரஸ்பிட்டர்’ என்றே அழைக்கிறது; தலைமைப் பேராயருக்கு ‘மாடரேட்டர்’ என்று பெயர்.

மனிதர்களும் மாறினார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியராகக் காஞ்சிபுரத்தில் பணிசெய்த லெஸ்லி நியூபிகின், மூப்பர் ஆட்சி மரபில் வந்தவர். அவரே 1947-ல் மதுரை–இராமநாதபுரம் பேராயரானார்; பின்னர் சென்னைப் பேராயராகவும் இருந்தார். ஓய்வுபெற்று இங்கிலாந்து போனபின் பேராயர் பதவியே இல்லாத ஐக்கிய சீர்திருத்தச் சபையில் ஒரு சபைப் போதகராகப் பணிசெய்தார். இரண்டு முறையிலும் அவரால் மனநிறைவோடு ஊழியம் செய்ய முடிந்தது. அமெரிக்க மிஷன் வழியில் வளர்ந்த யாழ்ப்பாணச் சபைகளும் 1947-ல் எஸ். குலேந்திரனைத் தங்கள் முதல் பேராயராக ஏற்றுக்கொண்டன.

லுத்தரன் சபைகள் அந்த இணைப்பில் சேரவில்லை. அது தவறு என்று சொல்ல மாட்டோம். தங்கள் விசுவாச அறிக்கை பற்றி அவர்களுக்கு உண்மையான கவலை இருந்தது. 1948 முதல் தென்னிந்தியத் திருச்சபைக்கும் லுத்தரன் சபைகளுக்கும் இடையே நெடுங்காலம் பேச்சுகள் நடந்தன. இணைப்பு கைகூடாவிட்டாலும், உட்கார்ந்து பேசும் பழக்கம் வளர்ந்தது.

இன்று செய்யக்கூடியவை

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் ஏன் இத்தனை வழக்குகள்? சிலர் பேராயர் பதவியே காரணம், அதிகாரம் ஓரிடத்தில் குவிந்துவிட்டது என்கிறார்கள். வேறு சிலர் தேர்தலே காரணம், வாக்கு வந்தது, அரசியலும் வந்துவிட்டது என்கிறார்கள். இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் பேராயர் இல்லாத சபைகளிலும் பிணக்கு உண்டு. தேர்தல் இல்லாத அமைப்புகளிலும் பிணக்கு உண்டு. சட்டத்தில் மூன்று தரப்புக்கும் பங்கு எழுதியிருக்கிறது. அந்தப் பங்கை எடுத்துச் சுமக்க ஒவ்வொரு தரப்பும் முன்வராதபோதுதான் கோளாறு தொடங்குகிறது. தேர்தல் நாளில் நெரிசல், ஆண்டுக் கணக்குக் கூட்டத்தில் காலி நாற்காலி என்பது பல சபைகளின் நிலை. ஆகவே புதிய சட்டம் கேட்பதற்கு முன், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சிலவற்றைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, கணக்கு. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. பூசணிக்காயும் கரும்புக்கட்டும் வாழைத்தாரும் ஏலம் போனபின், மேசைமேல் பணத்தைக் கொட்டி இரண்டு பேர் எண்ணுவார்கள், மூன்றாமவர் நோட்டில் எழுதுவார், மூவரும் கையெழுத்திடுவார்கள், தொகையை அங்கேயே வாசித்துவிடுவார்கள். அந்தப் பணத்தைப் பற்றி யாரும் சந்தேகம் கிளப்புவது அரிது. எல்லார் கண்முன்னும் எண்ணியதால் வந்த நம்பிக்கை அது. பள்ளிக் கணக்கு, நில வாடகை, கட்டட நிதி என்று பெரிய தொகைகளுக்கும் இதையே விரிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். சபைக்குத் தொடர்பில்லாத தணிக்கையாளரை வைக்கலாம்.

இரண்டாவது, தகுதி. 1 தீமோத்தேயு 3-லும் தீத்து 1-லும் மூப்பருக்கும் உதவிக்காரருக்கும் சொன்ன தகுதிகளில் செல்வமும் குடும்பப் பெருமையும் இல்லை. பண ஆசை இல்லாமை, கோபத்தை அடக்குதல், விருந்தோம்பல், வெளியாரிடத்திலும் நற்பெயர் ஆகியவையே இருக்கின்றன. வேட்புமனு தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதிகளை ஆராதனையில் வாசிக்கட்டும். காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்தபோது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும், முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர்களையும் விலக்கிவைத்தன. அந்தச் சபையில் பெண்களுக்கும் பிராமணரல்லாத சாதியினருக்கும் இடமில்லை. அதை அப்படியே போற்ற முடியாது. ஆனாலும் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, ஒருவரே தொடர்ந்து இருக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளும் இன்றைய சபைக் குழுக்களுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, இடம் கிடைக்காதவர்களுக்கு இடம். பெண்கள் மூப்பராகலாமா என்பதில் விசுவாசிகளிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நிருபங்களின் சில பகுதிகளை முன்வைத்து வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளையும், ஆக்கில்லாவோடு சேர்ந்து போதித்த பிரிஸ்கில்லாளையும் முன்வைத்து வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலிருந்து பெண்களை ஆயர்களாக அபிஷேகம் செய்கிறது. 2013-ல் நந்தியால் பேராயராகப் புஷ்பா லலிதா பொறுப்பேற்றார். கொள்கை எப்படியிருந்தாலும், காணிக்கை சேர்ப்பதிலும் நோயாளிகளைச் சந்திப்பதிலும் பெண்களே முன்னிற்கும் சபைகளில், பணத்தைச் செலவிடும் குழுவில் அவர்கள் இருக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் ஏற்கலாம். இளைஞர்களுக்கும் சிறு கிராமச் சபைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். சாதி எண்ணிக்கையைக் கணக்கிட்டு அணி சேர்க்கும் வழக்கத்தை இரு அணியும் ஒரே நாளில் கைவிடுவதாக ஒப்புக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. சாதியை எதிர்த்து வந்த கார்ல் ஓக்ஸ் கால் பதித்த வட்டாரத்தில் இதைத் தொடங்குவது பொருத்தமானது.

நான்காவது, சமரசம். வழக்குக்கு முன் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், மற்றச் சபைகளிலிருந்து இரு தரப்பும் ஏற்கும் மூன்று மூத்தவர்களைக் கொண்ட குழுவை வட்டாரந்தோறும் அமைக்கலாம். விசுவாசிகள் தங்களுக்குள் வழக்காடுவதைப் பற்றி 1 கொரிந்தியர் 6-ல் பவுல் கொண்ட வருத்தத்தை எல்லாரும் அறிவோம். இதில் ஓர் எல்லைக்கோடும் தேவை. பணக் கையாடல், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம் போன்றவற்றைச் சமரசம் என்ற பெயரில் மூடிவிடக் கூடாது. அவை சட்டத்தின் முன் போக வேண்டியவை. நீதிமன்றத்தை நாடியவரைச் சபையின் எதிரி என்று ஒதுக்குவதும் கூடாது. சமரசக் குழுவில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் வழக்குகள் தாமே குறையும்.

ஐந்தாவது, ஊழியர்களின் பாரம். குழு உறுப்பினர்கள் போதகரைச் சம்பளக்காரராக நடத்துவதும், போதகர் குழுவைத் தொல்லையாக நினைப்பதும் பல இடங்களில் கேட்கும் புகார்கள். மூப்பர் ஆட்சியின் நல்ல பாடம் இங்கே உதவும். போதிக்கும் மூப்பரும் விசாரிக்கும் மூப்பரும் ஒரே மேசையில் உட்காருபவர்கள். நோயாளி வீட்டுக்குப் போவது, துக்க வீட்டில் ஜெபிப்பது, பிணக்குள்ள குடும்பத்தைச் சேர்த்துவைப்பது ஆகியவை மூப்பருக்கும் உரிய கடமை. நோயாளிகள் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு நிருபமும் சொல்கிறது. கையெழுத்திடும் அதிகாரத்தோடு இந்தக் கடமையையும் ஏற்றால், குழுப் பதவிக்கு வரும் போட்டியின் தன்மையே மாறும்.

எல்லாரும் சேர்ந்து சுமப்பது நடக்காத காரியம் இல்லை. பிரஸ்பிட்டேரியன் மரபு வேரூன்றிய மிசோரத்தில், குடும்பங்கள் ஒவ்வொரு வேளை சமையலுக்கு முன்னும் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்துவைக்கின்றன. பெண்கள் அதைச் சேகரிக்கிறார்கள். அந்த வருமானம் ஊழியத்துக்குப் போகிறது. பிடியரிசி எடுத்துவைக்கும் பழக்கம் நம் பாட்டிமார் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். தன் கையால் ஒரு பிடி போட்டவர், அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் அக்கறையும் பெறுகிறார்.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சபையின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். அப்போஸ்தலர் 15-ஐயும் தீத்து முதல் அதிகாரத்தையும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். கணக்கு எப்போது ஒட்டப்படும், பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது, இந்த ஆண்டு நோயாளிகளைச் சந்திக்கும் பொறுப்பு யாருக்கு என்ற மூன்று கேள்விகளையும் பணிவாகக் கேளுங்கள். கேட்டபின் ஒரு பொறுப்பை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சபைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் மற்றச் சமயத்து நண்பர்கள் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் தங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். பேராயர், மன்றம், மக்கள் என்று மூன்றையும் ஒரே வீட்டில் வைக்க முடியும் என்று நம் முன்னோர் தரங்கம்பாடியில் நம்பினார்கள். 28 ஆண்டுகள் பொறுமையாக உழைத்து அதை நடத்தியும் காட்டினார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்கு நம்மிடம் இருந்தால் போதும். அடுத்த தேர்தலை நீதிமன்றப் படியேறாமல் நடத்தி முடிக்கலாம்.